ஊழியப் பயணத்தில் கிடைத்த நண்பர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ சபையின் சார்பில் வெளிநாட்டுக்குக் குறுகிய கால ஊழியப் பயணம் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் ஐந்து நிமிடம் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வீடுகளைச் சந்தித்தார்கள் என்று சொல்வார்கள். அப்புறம் பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பும். கூடவே நின்று மொழிபெயர்த்த தம்பி, பள்ளமும் மேடுமான பாதையில் வண்டி ஓட்டிய அண்ணன், விடியும் முன்னே எழுந்து அத்தனை பேருக்கும் சமைத்த அக்கா. அவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

நானும் சில பயணங்களில் போயிருக்கிறேன். இப்போது புறப்படுகிற குழுக்களுக்கு முன்பயிற்சி கொடுக்கிற வேலையும் என்னிடம் இருக்கிறது. போகும் முன்பும் வந்த பின்பும் இந்த உள்ளூர் நண்பர்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உள்ளூர் உதவியாளர்கள் என்றால் யார் யார்?

மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர், சமைப்பவர், வழிகாட்டி, தங்க இடம் கொடுத்த குடும்பம், மைக்கும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்ளும் வாலிபர், எந்த வீட்டுக்குப் போகலாம், எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று சொல்லும் சபைப் பெரியவர். சில இடங்களில் இத்தனை வேலையையும் ஒரே ஆள் செய்வார். பெரும்பாலும் அவர் அந்த ஊர்ப் போதகரின் மனைவியாக இருப்பார்.

'உதவியாளர்' என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வழக்கில் இருப்பதால் இங்கே பயன்படுத்துகிறேன். நாம் போவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர்கள் அந்த ஊரில் ஊழியம் செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் கிளம்பிய மறுநாளும் செய்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நாம்தான் அவர்களுக்குப் பத்து நாள் உதவிக்குப் போகிறோம்.

பத்து நாள் பழக்கத்தை நட்பு என்று சொல்ல முடியுமா?

நட்பின் தொடக்கம் என்று சொல்லலாம். ஊழியப் பயணத்தில் ஒரு நாள் என்பது சாதாரண நாள் இல்லை. விடிந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒன்றாக இருக்கிறோம். ஒன்றாக ஜெபிக்கிறோம், ஒன்றாக வண்டியைத் தள்ளுகிறோம், ஒருவர் களைத்துப்போனதை இன்னொருவர் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து வருடம் இருந்தும் பேசாத விஷயங்களை ஒரே வாரத்தில் பேசிவிடுகிறோம். அதனால்தான் பிரிகிற அன்று அத்தனை கண்ணீர்.

அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் அது நட்பாக நிலைக்குமா என்பது விமானம் ஏறிய பிறகுதான் தெரியும். உங்கள் வாழ்க்கையில் அந்தப் பத்து நாள் ஒரு பெரிய அனுபவம். அவருக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம். போன மாதம் ஒரு குழு வந்தது, அடுத்த மாதம் இன்னொன்று வரும், ஒவ்வொரு குழுவும் அழுதுகொண்டே விடைபெற்று, அதற்குப்பின் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கும். அதைப் பழகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மோடு சிரித்துப் பேசுவார்கள், மனதைத் திறக்கமாட்டார்கள். அது அவர்கள் குறை இல்லை.

ஊழியத்துக்காகத்தானே போகிறோம்? நட்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு தமிழர் பதில் சொல்லிவிட்டார். 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு வயது 35. வெளிநாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் சேர்ந்து உழைப்பதில் என்ன சிக்கல் என்பதுதான் அவர் பேசிய பொருள்.

மிஷனெரிகள் செய்த தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்று நன்றியோடு சொன்னார். அதன் பிறகு, நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கில் இருந்த பலருக்கு அது உறுத்தியது. தன் கீழ் வேலை செய்கிற உள்ளூர் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பார்கள், பயிற்சி கொடுப்பார்கள், கண்டிப்பார்கள், ஆனால் சமமான ஒருவராக எண்ணி வீட்டுக்கு அழைத்து மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பதே அவருடைய வருத்தம்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. அசரியா மிஷனெரிகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கத்தின் ஊழியராகத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குப் போய், அந்த மொழியைக் கற்று, 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார். வெளியிலிருந்து வந்த ஆளாக இருப்பது எப்படி, உள்ளூர் ஆளாக இருந்து வெளியாட்களைப் பார்ப்பது எப்படி, இரண்டும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் கேட்டது நண்பர்களை.

வேதத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்று அழைக்கிறார். தன் எஜமான் செய்கிறது ஊழியக்காரனுக்குத் தெரியாது என்பதை அதற்குக் காரணமாகவும் சொல்கிறார். நம் குழுவின் உள்ளூர்த் தோழர்களுக்கு நாளைய திட்டம் என்னவென்று தெரியுமா? அல்லது காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியுமா? அதைப் பார்த்தாலே அவர்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது புரிந்துவிடும்.

போவதற்கு முன்பே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நமக்கு அனுப்பப்படும் தாளில் 'மொழிபெயர்ப்பாளர் 2, ஓட்டுநர் 1' என்று எண்ணிக்கைதான் இருக்கும். அந்த இரண்டு பேர் யார், பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், எப்படி அழைத்தால் மரியாதை என்று அந்தச் சபையிடமே கேளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி ஒரு மாதம் ஜெபியுங்கள். விமான நிலையத்தில் அவரைப் பார்க்கும்போது பெயர் சொல்லி அழைத்தால் அவர் முகத்தில் வரும் வியப்பு தனி.

அவர்கள் மொழியில் பத்துப் பதினைந்து சொற்களும் கற்றுக்கொள்ளுங்கள். 'நன்றி', 'மன்னியுங்கள்', 'நீங்கள் சாப்பிட்டீர்களா', 'ஓய்வெடுங்கள்' ஆகிய நான்கும் கட்டாயம்.

மொழிபெயர்ப்பாளரோடு எப்படி வேலை செய்வது?

எல்லா உறவுகளிலும் இதுதான் நெருக்கமானது, இதுதான் அதிகமாகக் காயப்படுவதும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அரை மணி நேரச் செய்தி என்றால் உங்களுக்கு உள்ளது பதினைந்து நிமிடம்தான். மீதி அவருடையது. இதை மறந்து முழுச் செய்தியையும் தயாரித்து வருகிறவர்கள், நேரம் போகப் போக வேகமாகப் பேசுவார்கள். மொழிபெயர்ப்பவர் பின்னால் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார். முந்தைய நாளே அவரோடு உட்கார்ந்து செய்தியின் போக்கைச் சொல்லுங்கள். வேத பகுதிகளைக் கொடுத்துவிடுங்கள், அவருடைய மொழி வேதாகமத்தில் அவர் எடுத்து வைத்துக்கொள்வார். சொல்ல நினைக்கும் கதை அந்த ஊர் ஆட்களுக்குப் புரியுமா என்று அவரையே கேளுங்கள். 'இதைச் சொல்லாதீர்கள், வேறு அர்த்தம் வரும்' என்று ஒருமுறை அவர் தடுத்தால், அந்த ஒரு வார்த்தை உங்கள் முழுப் பயணத்தையும் காப்பாற்றியிருக்கும்.

மேடையில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் பல மொழிகளில் அவரால் தொடங்கவே முடியாது. நம் தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது, அந்த மொழியில் அது முன்னால் வர வேண்டியிருக்கலாம்.

அப்புறம், அவருடைய உடம்பு. மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவு களைப்பான வேலை அது. நாம் என்ன செய்கிறோம்? காலையில் பயிற்சி வகுப்பு, மதியம் வீடு சந்திப்பு, மாலைக் கூட்டம், அதன்பின் தனித்தனியாக வந்து ஜெபம் கேட்பவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

என் முதல் பயணத்தின் நான்காம் நாள் இரவு. கூட்டம் முடிந்து எல்லோரும் ஜெபித்து, கைகுலுக்கி, படம் எடுத்து, சாப்பிட உட்கார்ந்தோம். எதையோ எடுக்க ஆலயத்தின் பின்பக்கம் போனேன். அங்கே படியில் எங்கள் மொழிபெயர்ப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். பேச வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்மிய குரலில் பேசினார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். எங்களுக்காகச் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். வீட்டில் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல். நான்கு நாளாக என் வாயாக இருந்த மனிதர் அவர். என் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் கவனித்துக் கேட்டிருக்கிறார். நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுநாள் மாலைக் கூட்டத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மொழியே தெரியாத ஆட்களோடு எப்படிப் பழகுவது?

சேர்ந்து வேலை செய்தால் போதும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்று ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பியுங்கள். முதலில் பதறி வாங்கிக்கொள்வார்கள். இரண்டாம் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் எந்தப் பாத்திரம் எங்கே வைக்க வேண்டும் என்று உங்களுக்குக் கட்டளை வரும். அந்தக் கட்டளை வந்துவிட்டால் சரி, நீங்கள் விருந்தாளி நிலையிலிருந்து இறங்கிவிட்டீர்கள்.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு உதவும். ஜெபக்குறிப்பு, நோய், குடும்பத் துக்கம் போன்றவற்றுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், ஒரு ஆளைக் கூப்பிடுங்கள்.

நாம் கொடுக்கப் போகிறோம். அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்வது சரியா?

வாங்கிக்கொள்ளத் தெரியாதவரோடு யாரும் நட்பு வைக்க முடியாது. பவுல் பிலிப்பி சபைக்கு எழுதும்போது, கொடுக்கல் வாங்கல் காரியத்தில் அந்தச் சபைதான் தனக்குத் துணை நின்றது என்று நன்றியோடு சொல்கிறார். அந்த உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகும் தறுவாய்க்குப் போனதையும், அவன் பிழைத்ததால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராமல் போனதையும் எழுதுகிறார். பெரிய அப்போஸ்தலனுக்கு உதவி தேவைப்பட்டது, அதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

ஒரு பயணத்தில் எனக்கு வீட்டிலிருந்து அம்மாவைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தது. கால் மூட்டு அறுவைக்குப் பிறகு காயம் ஆறவில்லை என்றார்கள். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, ஊழியத்துக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று நினைத்தேன். சமையல் வேலை பார்த்த அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஒரு சின்னப் பலகையைத் தட்டி உட்காரச் சொன்னார், மாவு ஒட்டிய கையை முந்தியில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். அவர் மொழியில் நெடுநேரம் ஜெபித்தார். இயேசு என்ற பெயரைத் தவிர எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த நாட்டில் நான் ஆறு பிரசங்கம் செய்தேன். அவற்றில் ஒன்றும் எனக்கு இப்போது நினைவில்லை, அந்த ஜெபம் இருக்கிறது.

உள்ளூர் உதவியாளர் கிறிஸ்தவர் இல்லையென்றால்?

ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் பல இடங்களில் வேறு மதத்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களை மதிக்கிற மதிப்பில் ஒரு குறையும் வேண்டாம். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவருடைய நம்பிக்கையைப் பற்றி நீங்களும் கேளுங்கள், பதிலை முழுவதும் கேளுங்கள். உங்கள் கையிலிருந்துதான் அவருக்கு அந்த வாரக் கூலி வருகிறது என்பதை மறக்காதீர்கள். பணம் கொடுக்கிறவர் முன்னால் ஒரு மனிதர் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுவதை மனமாற்றம் என்று அறிக்கையில் எழுதிவிடக்கூடாது. மனம் மாறினால்தான் நட்பு என்ற நிபந்தனை உங்கள் உள்ளத்தில் இருந்தால், நீங்கள் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர்களுக்குச் சம்பளம் உண்டா? கொடுத்தால் நட்பு கெட்டுவிடாதா?

கொடுங்கள். பத்து நாள் தன் வேலையை விட்டுவிட்டு வந்தவருக்குப் பத்து நாள் வருமானம் போயிருக்கிறது. 'ஊழியம்தானே' என்று சொல்லி அதை அவர் தலையில் வைப்பது நியாயம் இல்லை. விமான டிக்கெட்டுக்குப் பணம் திரட்டுகிறோம், இதற்கும் சேர்த்தே திரட்ட வேண்டும்.

எவ்வளவு, எப்படி என்பதை மட்டும் அழைத்த சபையிடம் விட்டுவிடுங்கள். அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன வழக்கமோ அதைக் கொடுப்பதுதான் முறை. உணர்ச்சிவசப்பட்டு ஒருவருக்குத் தனியாக அள்ளிக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கும் அவருக்கும் இடையே புகைச்சல் வரும், அடுத்த மாதம் உள்ளூர்ச் சபை அதே வேலைக்கு ஆள் கூப்பிட முடியாது. கடைசி நாளில் பைக்குள் மிஞ்சிய நோட்டுகளைக் கையில் திணிப்பதையும் தவிருங்கள்.

பரிசு கொடுப்பதும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரியான சின்னப் பொருள் போதும். நீங்கள் உபயோகித்து மிஞ்சிய துணிமணிகளைப் பரிசு என்று கொடுத்துவிட்டு வராதீர்கள்.

திரும்பிய பிறகு பணம் கேட்டுச் செய்தி வருகிறது. என்ன செய்வது?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பாதி கோபத்திலும் பாதிக் குற்ற உணர்விலும் இருப்பார்கள்.

கேட்டதாலேயே அவர் நட்பை வியாபாரமாக்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல சமுதாயங்களில் கஷ்டத்தில் நண்பனிடம் கேட்பது நட்பின் பகுதி. கேட்காமல் இருந்தால்தான் 'என்னை அந்நியனாக நினைத்துவிட்டாயா' என்ற வருத்தம் வரும். அவர் பார்வையில் உங்களிடம் கேட்பது உங்களைச் சொந்தம் என்று எண்ணியதற்கு அடையாளமாகவே இருக்கலாம்.

முதல் வேலை, குரலைக் கேட்பது. ஒருவருடைய சமூக ஊடகக் கணக்கைத் திருடி, அவர் பெயரில் பணம் கேட்பது இப்போது எங்கும் நடக்கிறது. போனில் அவரையே அழைத்துப் பேசாமல் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். இரண்டாவது, தனியாக முடிவு எடுக்காதீர்கள். உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். அங்குள்ள போதகர் மூலமாக உதவி போவது நல்லது. ஆனால் இதையும் நண்பரிடம் முதலில் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். அவர் வீட்டுக் கஷ்டம் அவருக்குத் தெரியாமல் சபைக்குத் தெரிந்துவிட்டால் அவமானப்பட்டுப்போவார். மூன்றாவது, சட்டம். வெளிநாட்டுப் பணம் வருவதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது, பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டுக் காணிக்கை வாங்க முடியாது. நீங்கள் நல்லெண்ணத்தில் அனுப்பிய தொகைக்காக விசாரணைக்குப் போய் நிற்கப்போவது அவர்.

முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். 'இப்போது என்னால் இயலவில்லை, உங்களுக்காக ஜெபிக்கிறேன், நாளை மறுநாள் அழைத்துப் பேசுகிறேன்' என்று சொல்லி, சொன்னபடி அழையுங்கள். பதிலே சொல்லாமல் மௌனமாகிவிடுவதுதான் நட்பைக் கொல்கிறது. பணம் இல்லை என்ற பதிலைத் தாங்கிய நட்புகள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன.

படங்களைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

அவரிடம் கேட்டுவிட்டு. சில நாடுகளில் கேட்டும்கூட வேண்டாம்.

நமக்கு அது ஒரு நினைவுப் படம். அவருக்கு அது ஒரு சாட்சியமாகிவிடலாம், நீதிமன்றத்தில் வைக்கப்படுகிற சாட்சியம். நேபாளத்தில் 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றுவதற்கும் மாற்ற முயல்வதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரருக்குப் போக வேறு நாடு இல்லை. 'இன்று ஆண்டவர் இத்தனை பேரைத் தொட்டார்' என்று இடத்தின் பெயரோடும் முகங்களோடும் நீங்கள் போடும் ஒரு பதிவு, நீங்கள் போன பின்பு அவர் வீட்டுக் கதவைத் தட்டவைக்கும்.

முகம் தெரியாத படம், ஊர் பெயர் இல்லாத செய்தி, திரும்பி வந்த பிறகு பதிவு. இந்த மூன்றையும் குழு முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வதும் இதே கணக்கில்தான் சேரும். பல நாடுகளில் அது விதிமீறல், கேள்வி முதலில் உங்களை அழைத்தவரிடம்தான் போகும்.

எதிர்பாலினத்தவரோடும் சிறுவர்களோடும் தொடர்பு வைக்கலாமா?

சிறுவர்களோடு தனிப்பட்ட செய்திகள் கூடாது, விதிவிலக்கே இல்லை. பெற்றோர் அல்லது சபை வழியாக மட்டும். பெரியவர்கள் என்றால், உங்கள் ஊரில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு செய்தி அங்கே வேறு அர்த்தம் கொள்ளலாம். குடும்பத்தாரையோ குழுவையோ சேர்த்த ஒரு பொதுத் தொடர்பாக வைத்துக்கொண்டால் அவருக்கும் நல்லது.

எங்கள் குழுவில் ஒருவர் உள்ளூர் ஊழியரை மரியாதைக் குறைவாகப் பேசினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அன்றைக்கே குழுத் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவமானப்பட்டவர் விருந்தோம்பலை நினைத்து வாயைத் திறக்கமாட்டார். அவர் சார்பில் பேச நம்மில் ஒருவர்தான் இருக்கிறோம். எல்லோர் முன்னிலும் திட்டியிருந்தால் மன்னிப்பும் எல்லோர் முன்னிலும் கேட்கப்பட வேண்டும். இப்போது தாமதமாகிவிட்டாலும், 'அன்று நான் பேசாமல் இருந்தேன், அதற்காக வருந்துகிறேன்' என்று நீங்கள் அவருக்கு எழுதலாம்.

'மறுபடியும் வருவோம்' என்று சொல்லிவிட்டு வந்தோம். போக முடியவில்லை.

அங்கே அதை யாராவது நாள் எண்ணிக் காத்திருக்கலாம். போக முடியாது என்று தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். இனிமேல் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள், விடைபெறும்போது உங்கள் கையில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். 'மாதத்தின் முதல் ஞாயிறு அழைக்கிறேன்' என்பது உங்களால் முடியும். 'அடுத்த வருடம் கட்டாயம் வருவோம்' என்பது விசா, பணம், உடல்நிலை, சபையின் தீர்மானம் எல்லாம் சேர்ந்தால்தான். அவர்களை நம் நாட்டுக்கு அழைப்பதாகச் சொல்வதும் அப்படியே. அழைப்புக் கடிதம் கொடுத்தாலும் விசா கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, மறுக்கப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்து சபையில் சாட்சியாக நம் பயண அனுபவத்தைச் சொல்லும்போது அவர்களைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஆபத்து இல்லாத இடமென்றால், அனுமதி கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லி.

ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் 1873-ல் இன்றைய சாம்பியா நாட்டில், சிட்டாம்போ என்ற தலைவரின் கிராமத்தில் இறந்தார். கூட இருந்த ஆப்பிரிக்க உதவியாளர்கள் சூசி, சூமா முதலானவர்கள் அவருடைய இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலைப் பதப்படுத்தி, ஆயிரம் மைலுக்கும் மேல் மாதக்கணக்கில் கடற்கரை வரை சுமந்துவந்தார்கள். 1874 ஏப்ரல் 18 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தபோது சூசியும் சூமாவும் அங்கே இல்லை. அந்தக் குழுவில் ஒருவராக, உடலோடு கப்பலில் வந்த ஜேக்கப் வெயின்ரைட் மட்டும் இருந்தார். மற்ற இருவரையும் அதன் பிறகுதான் இங்கிலாந்துக்கு வரவழைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

அதற்கு நேர் எதிராக ஒன்று ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. பெபேயாள், பிரிஸ்கில்லா, ஆக்கில்லா என்று இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நடுவில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு என்பவர் தன் பெயரையே போட்டுத் தானும் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார். பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை.

என் முதல் பயண அறிக்கையை எடுத்துப் பார்த்தால் 'உள்ளூர் மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு' என்று ஒரு வரி இருக்கிறது. படிக்கட்டில் குரல் போய் உட்கார்ந்திருந்தவர்தான் அது. அடுத்த முறை சபையில் பேசியபோது முதலில் அவர் பெயரைச் சொல்லி, அவருக்காக ஜெபிக்கக் கேட்டேன்.

செய்தி அனுப்பினால் பதிலே வருவதில்லை. விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள், நெருக்கவும் வேண்டாம். போன் தொலைந்திருக்கும், எண் மாறியிருக்கும், இணையத்துக்குப் பணம் போட்டிருக்கமாட்டார். எழுதப் படிக்கக் கூச்சப்படுகிறவர் என்றால் குரல் செய்தி அனுப்புங்கள். பண்டிகை வாழ்த்து மட்டும் போதாது, அவர் கடைசியாகச் சொன்ன விஷயத்தைக் கேளுங்கள். பையன் தேர்வு எழுதினானா, கூரை மாற்றியாயிற்றா என்று. என் வேதாகமத்தின் கடைசி வெற்றுத் தாளில் அவர்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

எனக்காக ஜெபித்த அந்த அக்காவிடமிருந்து பதினொரு மாதம் ஒன்றும் வரவில்லை. நான் மாதம் ஒரு குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன், எதுவும் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து ஒன்று வந்தது. முதலில் சமையலறைச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, அப்புறம் அவர் குரல், கடைசியில் மகள் சொல்லிக்கொடுக்க அவர் மெதுவாகச் சொன்ன ஆங்கிலம். அம்மாவின் கால் சரியாகிவிட்டதா என்று கேட்டிருந்தார்.